ஒப்பாரிக் கோச்சிக்கு ஒரு ராகம்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பல குடும்பங்களில் பாட்டன் பாட்டி பிறந்தது இலங்கையின் ஹட்டனிலோ பதுளையிலோ நுவரெலியாவிலோதான். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. போகவேண்டியவர்களை யாரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ நிறுவனம் அதுதான். 1977, 1983 இலங்கைக் கலவரங்களில் அடிபட்டு, லயம் என்கிற வரிசைக் குடியிருப்பு எரிந்து வந்தவர்களும் தாயகம் திரும்பியோர் கூட்டத்தில் உண்டு.

இலங்கை மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பேர் விழுந்தது. அண்ணன் பேர் இந்தியப் பட்டியலில், தங்கை பேர் இலங்கைப் பட்டியலில். வண்டி நகர்ந்தால் போகிறவர்களும் நிற்கிறவர்களும் மாரடித்து அழுதார்கள்.

அந்த அழுகை நம் கச்சேரி மேடைகளில் காதில் விழுவதில்லை. அழுகைக்கு முகாரி ராகம் என்று ஊரே சொல்கிறது; ஆனால் இந்த மக்களுக்காக அந்த முகாரி ஒலிக்கவில்லை.

கர்நாடக சங்கீதம் பக்திக்கானது, அதில் கலவரத்தையும் நாடுகடத்தலையும் ஏற்றினால் ரசம் கெட்டுவிடும் என்பார்கள் சிலர். அவர்களுக்குக் கோபாலகிருஷ்ண பாரதியே பதில். நாற்பது வேலி நிலத்தில் வேலையை முடித்தால்தான் சிதம்பரம் போகலாம் என்று பண்ணையாளைப் பார்த்து ஆண்டை சொல்லும் கொடுமையை, 19-ம் நூற்றாண்டிலேயே நந்தனார் சரித்திரத்தில் ராகம் போட்டுப் பாட வைத்தவர் அவர். மாஞ்சி ராகத்தில் அவருடைய ‘வருகலாமோ’ பாட்டைக் கேட்கும்போது, உள்ளே விடப்படாத ஒரு மனிதன் நம் கண்முன் நிற்கிறான். ரசம் எங்கே கெட்டது? பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட பெண்களைப் பற்றி எழுதிய சுப்பிரமணிய பாரதியும் ஸைந்தவி ராகம், திஸ்ரசாப்பு தாளம் என்று குறித்தே அதைப் பாட்டாகத் தந்தார். தோட்டத்துத் துயரம் சங்கீதத்துக்கு அந்நியம் என்று அவர் நினைக்கவில்லை.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. கீவ் நகரின் ஓரத்தில், பாபி யார் பள்ளத்தில் 1941 செப்டம்பர் 29, 30 என்று இரண்டே நாளில் 33,771 யூதர்களை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். இருபது வருஷமாகியும் அங்கே ஒரு நினைவுக்கல் இல்லை. ரஷ்யக் கவிஞர் யெவ்துஷென்கோ 1961-ல் அதைச் சொல்லிக் கவிதை எழுதினார். இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் அந்தக் கவிதையைத் தம் 13-வது சிம்பொனியில் வைத்து 1962 டிசம்பரில் மாஸ்கோவில் அரங்கேற்றினார். சோவியத் அரசின் நினைவுச் சின்னம் எழ 1976 ஆனது; அதிலும் யூதர் என்ற சொல் இல்லை. கல் சொல்லத் தயங்கியதை இசை பதினான்கு வருஷம் முன்பே சொல்லிவிட்டது.

நீலகிரிக்கும் அப்படி ஒரு படைப்பு வேண்டும். சென்னையிலிருந்து ஒரு வித்வான் வந்து பாடிவிட்டு மலையிறங்குவதில் பிரயோஜனம் இல்லை. ஒப்பாரி தெரிந்த தோட்டத்துப் பெண்களும் தப்புக் கலைஞர்களும் அவர் பக்கத்தில், அவருக்குச் சமமான சம்பளத்தோடு உட்கார வேண்டும். மெட்டு அவர்களிடமிருந்து வரட்டும், விரிவு வித்வானிடமிருந்து வரட்டும். ஒவ்வொரு மே மாதமும் ஊட்டியில் அரசே கோடை விழா நடத்துகிறது. அதில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் முன்கை எடுக்கலாம்.

ஆனால் அவசரம் வேறொன்றில் இருக்கிறது. மடியில் பிள்ளையோடு அந்தக் கோச்சியில் ஏறிய பெண்களில் மூத்தவர்கள் இப்போது எண்பதைத் தொட்டோ தாண்டியோ இருப்பார்கள். மேடையையும் ராகத்தையும் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். அவர்கள் குரலைப் பதிவு செய்ய இந்த வருஷமே ஆட்கள் பந்தலூருக்கும் சேரம்பாடிக்கும் போக வேண்டும்.