தேங்காய் துருவுவது விளையாட்டா?

சித்திரைப் புத்தாண்டு வந்தால் எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் விளையாட்டு விழா நடக்கும். அடுத்த முறை அதன் நிகழ்ச்சிநிரலைக் கையில் எடுத்து ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். ஆண்களுக்கு மரதன் ஓட்டம், சைக்கிள் ஓட்டம், கரப்பந்தாட்டம், வழுக்கு மரம் ஏறுதல். பெண்களுக்குத் தேங்காய் துருவுதல், கிடுகு பின்னுதல். இடையில் ஒரு தேசிக்காய் கரண்டி ஓட்டம். வருடம் முழுவதும் விடியற்காலையில் எழும்பித் தேங்காய் துருவுகிறவளுக்கு, வருடத்தில் ஒரு நாள் விளையாட்டு என்று கொடுப்பதும் தேங்காய் துருவல்தான். வென்றால் பரிசு ஒரு சட்டி அல்லது வாளி. அதையும் அவளேதான் கழுவ வேண்டும்.

இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் நான் இதைச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

இரத்தினபுரி மாவட்டத்தில் ஒரு தோட்டத்துச் சந்தியில் எங்கள் வாப்பாவின் பலசரக்குக் கடை இருக்கிறது. மேல் டிவிசனில் தேயிலை, கீழ் டிவிசனில் இறப்பர். பாடசாலை விட்டு வந்து பின்னேரங்களில் கணக்குக் கொப்பி எழுதுவது என் வேலை. அந்தக் கதிரையில் இருந்து பார்த்தால் இரண்டு விதமான தாய்மார் தெரிவார்கள்.

முதலாமவர் லயத்து அக்காமார். இறப்பர் பால் காலைக் குளிரில்தான் நன்றாக வடியும் என்பதால், பால் வெட்டுகிறவர் இருட்டோடு சமைத்துவைத்துவிட்டு மலைக்குப் போகவேண்டும். கொழுந்து பறிக்கிறவர் நாள் முழுவதும் சரிவில் நிற்கவேண்டும். மடுவத்தில் நிறுத்து முடித்து வந்தால் தண்ணீர், விறகு, இரவுச் சாப்பாடு. கடைக்கு வந்து அவர்கள் கேட்கும் சாமான்களில் தேயிலையும் சீனியும் எப்படித் தவறாதோ, அப்படியே தலையிடிக் குளிசையும் முழங்காலுக்குப் பூசும் தைலமும் தவறுவதில்லை.

இரண்டாமவர் எங்கள் கடைத்தெருத் தாய்மார். என் உம்மாவும் அதில் ஒருவர். வீடு, குசினி, வாசல் வரை ஒரு நடை. மலை ஏறும் வேலை இல்லை, வெளியே போகும் காரணமும் அதிகம் இல்லை. கலியாண வீடு என்றால் வாகனத்தில் போய், சஹனில் இருந்து சாப்பிட்டு, வாகனத்தில் வருவது. நாற்பது வயதைத் தாண்டிய மாமிமார் நாலு பேர் கூடினால் யாருக்குச் சீனி எவ்வளவு, யாருக்கு எந்தக் குளிசை என்பதுதான் முதல் பேச்சு.

ஒருவருக்கு ஓய்வில்லை, மற்றவருக்கு அசைவில்லை. இரண்டு பேருக்கும் இல்லாத ஒன்று, தனக்கென்று உடம்பை அசைத்து மகிழ ஒரு மணித்தியாலம்.

"லயத்துப் பெண்கள் நாள் பூராவும் மலை ஏறி இறங்குகிறார்கள். அவர்களுக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்களே கேட்கிறார்கள். டென்மார்க்கில் ஆன்ட்ரியாஸ் ஹோல்டர்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைப் பார்த்து 2021இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் விரும்பி உடம்பை அசைப்பவர்களுக்கு இருதய நோய் ஆபத்துக் குறைவாக இருந்தது. ஆனால் வேலையில் உடம்பை வருத்துகிறவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை, ஆபத்துக் கூடியே இருந்தது. இதை உடலுழைப்பின் முரண்பாடு என்கிறார்கள். வேலையில் நாம் நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. ஒரே தசையே திரும்பத் திரும்ப உழைக்கிறது. உடம்பு ஆறுவதற்கு இடைவெளி கிடைப்பதில்லை. இவைதான் அவர்கள் சொல்லும் காரணங்கள். அந்த ஆய்வு டென்மார்க் மக்களைப் பற்றியது, எங்கள் மலைகளைப் பற்றியது அல்ல. என்றாலும் அந்தக் காரணங்களை வாசித்தபோது, கூடையோடு சரிவில் நிற்கும் ஒரு பெண்ணைத்தான் நான் கண்டேன்.

ஆகவே வேலை வேறு, விளையாட்டு வேறு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து அதற்காகவே பாடுபட்ட ஒரு தொண்டு நிறுவனத்தின் கதை எனக்குப் பிடித்தது. அது வை.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கம். 1844இல் லண்டனில் ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடை ஊழியர் தன் நண்பர்களோடு சேர்ந்து ஆரம்பித்தார். கிராமங்களை விட்டு வந்து, நீண்ட நேரம் கடைகளில் நின்று, மாலையில் போவதற்கு நல்ல இடமில்லாமல் திரிந்த இளைஞர்களுக்காக வந்த சங்கம் அது. துணிக்கடைச் சிப்பந்தியின் மனதில் உதித்தது என்பதால் கடைக்காரர் மகளான எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம்.

சங்கம் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாது. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அதன் பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், மண்டபத்தின் இரு பக்கமும் பழக்கூடைகளை அடித்துக் கூடைப்பந்தாட்டத்தை உண்டாக்கினார். நான்கு வருடம் கழித்து, 1895இல், அருகிலிருந்த ஹோலியோக் நகரத்து வை.எம்.சி.ஏ.யில் வில்லியம் மோர்கனுக்கு வேறொரு சிக்கல் வந்தது. அவரிடம் மாலையில் வருகிறவர்கள் நடுத்தர வயது வியாபாரிகள். கூடைப்பந்தாட்டத்தில் ஓடியும் மோதியும் அவர்களால் சமாளிக்க முடியவில்லை. களைத்து வருகிறவர்களுக்காக, ஒருவரையொருவர் இடிக்காமல், ஆனால் உடம்பு அசைந்து வியர்க்கும்படி ஒரு விளையாட்டை அவர் யோசித்தார். அதுதான் கரப்பந்தாட்டம்.

அவருடைய முதல் விதிகளைப் பாருங்கள். வலையின் உயரம் 6 அடி 6 அங்குலம் மட்டும். ஒரு பக்கத்தில் எத்தனை பேரும் நிற்கலாம். பந்தை எத்தனை தடவையும் தட்டலாம். பக்கத்துக்கு ஆறு பேர், மூன்று தட்டு என்பதெல்லாம் பிறகு வந்தவை. ஒரு பந்துக்குப் பதினைந்து பேர் நின்றாலும் அங்கே யாரையும் வெளியே போ என்று சொல்லவில்லை. முழங்கால் வலிக்காரருக்கும் அதில் ஓர் இடம் இருந்தது.

1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ.யின் வோல்டர் கமாக் இந்த விளையாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1991இல் அது எங்கள் தேசிய விளையாட்டானது. இன்று சப்ரகமுவையில் இரத்தினபுரியோ கேகாலையோ, எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் இரண்டு கமுக மரக் கம்புகளும் இடையில் ஒரு கிழிந்த வலையும் பெரும்பாலும் கண்ணில் படும். தட்டையான நிலம் கிடைப்பதே அரிதான இடத்தில் அந்த 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் பெரிய சொத்து. பந்து எல்லையைத் தாண்டினால் தேயிலைக்குள் உருண்டு போகும். தேடப் போனவர் பந்தோடும் காலில் நாலு அட்டையோடும் வருவார்.

அந்த நிலத்தில் பின்னேரம் ஐந்து மணிக்கு நிற்பவர்கள் எல்லாரும் ஆண்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. பந்தடிக்கிற பின்னேரங்களில் எங்கள் தோட்டத்து நானாமார் சாராயக் கடைப் பக்கம் போவது குறைவு என்று அவர்களின் மனைவிமாரே கடையில் நின்று சொல்லியிருக்கிறார்கள். கையில் காசு மிஞ்சுகிறது, இரவில் வீட்டில் சத்தம் இல்லை. இதுவே குடும்ப நலம்தான், இதை வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் களைத்தவர்களுக்காக உண்டாக்கப்பட்ட விளையாட்டு, அந்தத் தோட்டத்திலேயே அதிகம் களைத்தவளிடம் மட்டும் போய்ச் சேரவில்லையே என்பதுதான் என் வருத்தம். அவள் விறகுக் கட்டோடு மைதானத்து ஓரத்தால் நடந்து போகிறாள்.

சங்கங்களின் பெயர்களே இதைச் சொல்லிவிடுகின்றன. வை.எம்.சி.ஏ.யைப் பார்த்து 1898இல் கொழும்பில் பௌத்த வாலிபர் சங்கம் வந்தது. 1950இல் அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவை வந்தது. எல்லாப் பெயரிலும் வாலிபர். காலப்போக்கில் வை.எம்.சி.ஏ. குடும்பம் முழுவதற்கும் கதவைத் திறந்தது. அமெரிக்காவின் பல நிலையங்களில், தாய் உடற்பயிற்சி செய்யும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு தனி அறை இருக்கிறது. எனக்கு அந்தக் கூடைகளையும் வலைகளையும்விட இந்த அறைதான் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது. தாய்க்கு விளையாட இடம் கொடுத்தால் போதாது, கையிலிருக்கும் பிள்ளையை யார் வாங்கிக்கொள்வது என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

எங்கள் தோட்டங்களில் அந்த அறை ஏற்கனவே இருக்கிறது. பிள்ளை மடுவம் என்று பழையவர்கள் சொல்வார்கள், இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம். தாய் கொழுந்து பறிக்கப் போகும்போது அது திறக்கிறது. தாய் உழைக்கும் நேரத்துக்குப் பிள்ளையைப் பார்க்க ஓர் ஏற்பாடு இருக்குமானால், தாய் சிரிக்கும் நேரத்துக்கு, வாரத்தில் ஒரு மணித்தியாலம், அதே கட்டடத்தைத் திறக்க முடியாதா? தோட்டங்களில் சிறுவர் நிலையங்களையும் வீடுகளையும் சுகாதாரத்தையும் கவனிக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் 1992 முதல் இயங்குகிறது. அவர்கள் மனம் வைத்தால் முடியும்.

தொண்டு செய்ய வருகிறவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். உலர் உணவு மூட்டை, கொப்பிகள், வருடத்தில் ஒரு மருத்துவ முகாம் என்று எங்கள் பக்கம் வந்து கொடுக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்குக் கூலி தரட்டும், வெள்ளம் வந்த நாட்களில் அந்த மூட்டைகள் இல்லாமல் முடியாது. ஆனால் மூட்டை கொடுப்பதைப் படம் பிடிக்கலாம், ஒரு மணித்தியாலம் கொடுப்பதைப் படம் பிடிக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, அதை யாரும் கொண்டுவருவதில்லை.

பெற்றோர் இந்த இடத்தில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். "பொம்பிளைப் பிள்ளைகளும் உம்மாமாரும் வெளியில் பந்தடிப்பதா?" நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ஒரு முறை ஆயிஷா நாயகி முந்தினார்கள், பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். இது நம் வீடுகளில் எல்லாரும் கேட்டு வளர்ந்த செய்தி. கேட்டுவிட்டு "எவ்வளவு அழகான இல்லறம்" என்று சொல்வோம். அதில் ஒரு பெண் ஓடினாள் என்பதை மட்டும் ஏனோ மறந்துவிடுவோம். தலையை மூடி ஆட முடியாது என்பதும் பழைய கதை. சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமே 2017இல் தலை மறைப்புக்கான தடையை நீக்கிவிட்டது. நாங்கள் அவ்வளவு தூரமும் கேட்கவில்லை. பெண்களுக்கு மட்டும் என்று ஒரு நேரம், பார்வை படாமல் ஓலைத் தட்டி மறைப்பு, அவ்வளவுதான்.

மழை என்பது அடுத்த தடை. இரத்தினபுரியில் மழையைக் காரணம் சொன்னால் எதையுமே ஆரம்பிக்க முடியாது. அங்கே பனி பெய்தபோது அவர்கள் மண்டபத்துக்குள் போனார்கள். எங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமையாகக் கிடக்கும் கூரைகள் இருக்கின்றன, ஒரு கயிறு கட்டினால் போதும்.

எங்கள் வயதுப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து முதல் பதினேழு வயது வரையானவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதாரணதரப் பரீட்சை முடிந்து உயர்தரத்துக்கு வந்ததும் வலைப்பந்தாட்டம் ஆடிய எங்கள் வகுப்புத் தோழிகள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். வார நாளில் பாடசாலை, வார இறுதியில் டியூசன், இரண்டிலும் வாங்கு. பிறகு கலியாணம். அதன்பிறகு பந்தைத் தொடுவது பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும்போதுதான். மாமிமாரின் சீனி நோய் நாற்பதில் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறோம். அது பதினேழில், இந்த வாங்கில்தான் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நானும் மூன்று தோழிகளும் சேர்ந்து எங்கள் பகுதி இளைஞர் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். காசு கேட்கவில்லை. கம்பு இருக்கிறது, வலையை நாங்களே தைத்துக்கொள்வோம், பந்துக்கு வாப்பா பொறுப்பு. நாங்கள் கேட்டவை வேறு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி முதல் ஐந்தரை வரை மைதானத்தைப் பெண்களுக்கு விடவேண்டும். அந்த நேரத்தில் நானாமார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவ மாதுவிடம் பேசி, மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் மைதானத்துக்கே வந்து இரத்த அழுத்தம் பார்க்க ஒழுங்கு செய்யவேண்டும். வலை 6 அடி 6 அங்குலம். எத்தனை பேரும் ஆடலாம், எத்தனை தடவையும் தட்டலாம். லயத்து அக்காமாரும் கடைத்தெரு மாமிமாரும் ஒரே பக்கத்தில் கலந்து நிற்கவேண்டும் என்பதையும் கடைசியில் எழுதினோம்.

பால் வெட்டும் ஓர் அக்காவிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு பாப்பா," என்றார். "ஆனா அந்த நேரத்துல விறகு யாரு கொண்டாருவா?" கடிதத்தில் அதையும் சேர்த்திருக்கிறோம்.