ஸ்மார்ட் லைட் போட்டாச்சு... அதோட ரூல் எங்கே ஓடுதுன்னு தெரியுமா?

2025 அக்டோபர் 20, நமக்குத் தீபாவளி. நாம் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள அமேசான் டேட்டா சென்டர்களில் ஒரு கோளாறு. ஸ்நாப்சாட் உட்படப் பல ஆப்கள் படுத்துவிட்டன. அலெக்ஸாவும் சேர்ந்து மௌனமானது. வீட்டில் கரன்ட் இருக்கு, வைஃபை இருக்கு, பல்பும் நன்றாக இருக்கு. ஆனால் 'லைட்டை ஆஃப் பண்ணு' என்றால் கேட்க ஆளில்லை!

காரணம் சிம்பிள். மாலையானால் வாசல் லைட் எரியணும் என்று நீங்கள் ஆப்பில் வைக்கும் ரூல், பெரும்பாலும் பல்புக்குள் இருப்பதில்லை. கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. நேரம் வந்ததும் அங்கிருந்துதான் உங்கள் வாசலுக்கு உத்தரவு வரும்.

அன்றைய கோளாறுக்கு அமேசான் பிறகு கொடுத்த விளக்கம் இன்னும் சுவாரஸ்யம். சர்வர்களின் முகவரிப் பட்டியலைத் தானாகவே புதுப்பிக்கும் புரோகிராம்கள் அங்கே உண்டு. அதில் ஒன்று தாமதமாக வந்து, புதிய பட்டியலின் மேல் பழையதை எழுதிவிட்டது. இன்னொன்று, 'இது பழசாச்சே' என்று அதைத் துடைத்துவிட்டது. முகவரியே காலி. கடைசியில் மனிதர்கள் கைவைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இதே சண்டை நம் ஹாலிலும் நடக்கும். 'இருட்டினால் லைட் ஆன்' என்று ஒரு ரூல். '5 நிமிடம் அசைவு இல்லையென்றால் ஆஃப்' என்று இன்னொன்று. விலை குறைவான மோஷன் சென்சார்கள் பெரும்பாலும் உடல் சூடு நகர்வதைத்தான் கவனிக்கும். ஆள் இருப்பதை அல்ல. அசையாமல் சீரியல் பார்க்கும் அப்பா, அதன் கணக்கில் அங்கே இல்லவே இல்லை. கையை ஆட்டி லைட் போடுவது ஹாலில் காமெடி. ராத்திரி 2 மணிக்கு பாத்ரூமில் இருக்கும் பாட்டிக்கு அது காமெடி இல்லை. ஈரத் தரை, திடீர் இருட்டு. வயதானவர்கள் இருக்கும் வீட்டில், பாத்ரூமுக்கும் அதற்குப் போகும் வழிக்கும் 'ஆஃப்' ரூலே வேண்டாம் என்பேன். ராத்திரி 10 மணி முதல் விடியும்வரை மங்கலாக எரியட்டும். உட்கார்ந்திருப்பவரின் மூச்சசைவைக்கூடக் கண்டுபிடிக்கும் ரேடார் வகை சென்சார்கள் இருக்கின்றன, விலைதான் கொஞ்சம் கூட.

கரன்ட் பில் குறையும்னுதானே வாங்கினோம் என்கிறீர்களா? கணக்குப் போடுவோம். 9 வாட் எல்.இ.டி பல்பை தினமும் ஒரு மணி நேரம் குறைத்தால், இரண்டு மாத பில்லில் மிச்சம் அரை யூனிட் சொச்சம். அதே பல்பு 'உத்தரவுக்காக' நாள் முழுக்கக் காத்திருக்க அரை வாட் இழுத்தால், இரண்டு மாதத்தில் 0.7 யூனிட் போச்சு! ஆனால் 2,000 வாட் கீஸரை ஒரு மணி நேரம் மறந்துவிட்டால், ஒரே நாளில் அதிகபட்சம் 2 யூனிட் வரை போகலாம். ரூல் முதலில் போட வேண்டிய இடம் அதுதான், பல்பு அல்ல. அதுக்கும் சாதாரண ஸ்மார்ட் பிளக் போதாது. அந்த லோடைத் தாங்கும் 16 ஆம்பியர் பிளக் வேண்டும்.

வாசல் லைட்டுக்கு 6.30 என்று நேரம் வைக்காதீர்கள். சென்னையில் சூரியன் மறைவது நவம்பரில் 5.40-க்குப் பக்கம், ஜூலையில் 6.40-க்குப் பக்கம். ஆப்பில் 'சன்செட்' இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். கரன்ட் போய் வந்ததும் பல்பு என்ன செய்யணும் என்ற செட்டிங்கையும் பாருங்கள். இல்லாவிட்டால் நடுராத்திரி 3 மணிக்கு மொத்த வீடும் கல்யாண மண்டபம் ஆகிவிடும். இதையெல்லாம் செய்த பிறகும், அம்மா பழக்கதோஷத்தில் சுவரில் சுவிட்சை அணைத்தால் ஸ்மார்ட் பல்பு வெறும் கண்ணாடிக் குமிழ். அதனால்தான் பல்பை மாற்றுவதைவிட, சுவிட்ச்போர்டுக்குள் எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரு ரிலே மாட்டுவது நம் வீடுகளுக்குப் பொருந்தும். சுவிட்சும் வேலை செய்யும், ஆப்பும் வேலை செய்யும்.

சர்வர் ஒருநாள் படுப்பதுகூடப் பரவாயில்லை. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்க நிறுவனம் முன்னறிவிப்பே இல்லாமல் சர்வரை மூடியது. பெல்கின் தன் வீமோ பிளக், சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கான ஆப் சேவையை 2026 ஜனவரி 31-உடன் நிறுத்தியது. பொருள் உங்களுடையது, ரூல் அவர்களுடையது.

அமேசான், கூகுள், ஆப்பிள், சாம்சங் எல்லோரும் ஏற்ற 'மேட்டர்' தரம் 2022-ல் வந்தது. அந்த முத்திரை உள்ள பொருள்கள், இன்டர்நெட் இல்லாமலே வீட்டுக்குள் பேசிக்கொள்ளும். ஆனால் ரூல் எங்கே உட்காரும் என்பதை முடிவு செய்வது நீங்கள் பயன்படுத்தும் ஹப். 'ஹோம் அசிஸ்டன்ட்' என்ற இலவச மென்பொருளில், ரூல் வீட்டிலுள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். என்ன, செட் பண்ண ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

உங்களிடம் ஏற்கெனவே இருப்பது எந்த வகை என்று தெரியணுமா? அடுத்த முறை நெட் கட்டாகும்போது, ரவுட்டரை அணைக்காமல், கம்ப்ளைன்ட் போன் போடுவதற்கு முன் சென்சார் முன்னாடி ஒரு நடை நடந்து பாருங்க. லைட் எரிஞ்சா, ரூல் உங்க வீட்டுலதான் இருக்கு.