இரண்டு சாம்பலுக்கு நடுவில் ஒரு பூட்டிய அறை



எமது பாடசாலை நூலக அறைக்குப் பூச்சு வேலை முடிந்து மூன்று வாரமாகிறது. பெயின்டுக்குப் பணம் இருக்கிறது, பாஸும் தயார். எந்தச் சாம்பல் நிறம் என்பதில்தான் இழுபறி.

வட்ஸ்அப் குழுவில் இரண்டு கலர் காட்டைப் படம் எடுத்துப் போட்டோம். பாதிப் பேர் ஒன்றுக்கு, பாதிப் பேர் மற்றதற்கு. இரண்டு பேர் கோபித்துக் குழுவை விட்டே போய்விட்டார்கள். இந்தச் சண்டையைத் தொடக்கி வைத்தது ஆசிரியர்களாகிய நாங்கள்தான்.

போனைப் பார்த்து நிறம் தெரிவு செய்ததே பிழை. ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். சாம்பலுக்குள் கொஞ்சம் நீலமோ பச்சையோ ஊதாவோ ஒளிந்திருக்கும். வெள்ளை டியூப் லைட்டில் நீலம் தலைகாட்டும். ஜன்னலுக்கு வெளியே மாமரம் நின்றால் சுவரில் பச்சை தட்டும். விரலளவு காட்டில் மென்மையாகத் தெரிவது நாலு சுவரிலும் ஏறினால் கனத்துவிடும்.

போன சனிக்கிழமை பாஸ் சொன்னபடி இரண்டு வெள்ளை மட்டைகளில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு, ஜன்னலோரத்திலும் மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். காலை பத்து மணிக்கு வித்தியாசமே தெரியவில்லை. அஸருக்குப் பிறகு லைட் போடாமல் பார்த்தால், மூலையில் ஒன்று இருட்டோடு கலந்துபோனது, மற்றது தெளிவாகத் தெரிந்தது. கரண்ட் போகும் நாளில் அந்த மூலையிலும் ஒரு பிள்ளை இருந்து வாசிக்க வேண்டும்.

பெயின்ட் கம்பனிகள் பல, நிறத்தோடு எல்ஆர்வி என்றொரு எண்ணும் தருகின்றன. கறுப்பு 0 பக்கம், வெள்ளை 100 பக்கம். எண் கூடக் கூட சுவர் வெளிச்சத்தைக் கூடுதலாகத் திருப்பித் தரும். வாசிக்கும் அறைக்கு அழகை விட இதுதான் முக்கியம்.

ஆகவே எமது கருத்து இது: எண் கூடிய சாம்பலை எடுப்போம். கண் கூசாத மெட் பெயின்டாக இருக்கட்டும். பிள்ளைகளின் கை படும் கீழ்ப்பகுதிக்கு மட்டும் கழுவக்கூடிய வகை போதும்.

மட்டைகள் நூலகத்தில்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வந்து, கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள். சனி காலை பாஸ் வேலையைத் தொடங்கட்டும்.

ஒரு மாதம் போனால் அடித்தது எந்தச் சாம்பல் என்று நமக்கே நினைவிருக்காது. அறை பூட்டிக் கிடக்க, ஓஎல் பிள்ளைகள் வராந்தாவில் நிலத்தில் இருந்து படித்த இந்த மூன்று வாரம் அவர்களுக்கு நினைவிருக்கும்.