மழைக்கு மானி இருக்கிறது, காற்றுக்கு?

கரிசல் காட்டில் நேற்று எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று கேட்டால் இன்று காலையிலேயே பதில் கிடைத்துவிடும். மழைமானி என்பது ஒரு பாத்திரம், ஓர் அளவுகோல், பார்த்துக் குறித்துக்கொள்ள ஓர் ஊழியர், அவ்வளவுதான். அந்த எளிய எண்ணை நம்பித்தான் அரசு வறட்சியை அறிவிக்கிறது, நிவாரணம் கணக்கிடுகிறது. அதே கரிசலில், கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையில் இருக்கும் இளையரசனேந்தலில், மக்கள் இழுத்துவிடும் மூச்சில் நைட்ரஜன் டை ஆக்சைடு எவ்வளவு கலந்திருக்கிறது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அளக்கவே இல்லை என்பதுதான் காரணம். கோடி ரூபாய் எந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய் போதும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்த ஆண்டே அதைத் தென்மாவட்டச் சாலையோர ஊர்களில் தொங்கவிட வேண்டும் என்பது நமது கோரிக்கை.

லாரிக்குப் பின்னால் போகிறவர்கள் கரும்புகையைத்தான் திட்டுவார்கள். அது கண்ணுக்குத் தெரிகிற கரித்தூள். நைட்ரஜன் டை ஆக்சைடு அப்படியல்ல. சாலையோரத்தில் இருக்கும் அளவில் அதற்கு நிறமும் தெரியாது, வாடையும் தெரியாது. எஞ்சினுக்குள் எழும் கடும் வெப்பத்தில், காற்றிலேயே இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரிக் ஆக்சைடாகின்றன. வெளியே வந்ததும் அது ஓசோனோடு வினைபுரிந்து நைட்ரஜன் டை ஆக்சைடாகிறது. டீசல் வண்டி, ஜெனரேட்டர், அனல் மின் நிலையம் எல்லாம் இதன் ஊற்றுகள். மூச்சுக்குழாயை எரிச்சலுறச் செய்து, குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் வாயு இது. லண்டனின் லூயிஷம் பகுதியில் நெரிசல் மிகுந்த சாலையருகே வசித்த எல்லா என்ற 9 வயதுச் சிறுமி 2013-இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அந்த மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். வரம்பை மீறிய நைட்ரஜன் டை ஆக்சைடு அந்தத் தீர்ப்பில் பெயர் சொல்லியே இடம்பெற்றது. அங்கே அளவு இருந்ததால் அந்தச் சிறுமியின் தாயுடைய வழக்கு நிலைத்து நின்றது. நம் ஊரில் ஒரு தாய் அப்படிக் கேட்க நினைத்தால் கையில் எதை எடுத்துக்கொண்டு போவாள்?

2009-இல் அறிவிக்கப்பட்ட இந்தியத் தரநிலைப்படி, ஒரு கன மீட்டர் காற்றில் இந்த வாயு ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அன்றைய வழிகாட்டு அளவும் 40-தான். 2021-இல் அந்நிறுவனம் அதை நான்கில் ஒரு பங்காக, 10 மைக்ரோகிராமாகக் குறைத்துவிட்டது. நாம் 40-லேயே நிற்கிறோம். அந்த 40-ஐயாவது காக்கிறோமா என்றால், காத்தோம் என்றும் சொல்ல முடியாது, தவறினோம் என்றும் சொல்ல முடியாது. பெரும்பாலான ஊர்களுக்கு எண்ணே கிடையாது.

காற்றை அளக்கும் பணி நகரங்களையே சுற்றி வருகிறது. தூத்துக்குடியில் தேசியக் கண்காணிப்புத் திட்டத்தின் நிலையங்கள் உண்டு. மத்திய அரசு 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்திலும் தூத்துக்குடி இருக்கிறது. ஆனால் அத்திட்டத்தின் கவலை முழுக்கத் துகள் மாசைப் பற்றியது. நைட்ரஜன் டை ஆக்சைடு அங்கே ஓரத்தில் நிற்கிறது, கிராமங்கள் உள்ளேயே வரவில்லை. தானியங்கிக் கண்காணிப்பு நிலையம் ஒன்றை நிறுவக் கோடி ரூபாய்க்கு மேல் ஆகும்; குளிர்சாதன அறையும் தடையில்லா மின்சாரமும் பயிற்சி பெற்ற ஆளும் அதற்கு வேண்டும். இதை ஒவ்வொரு ஊருக்கும் கொடுக்க முடியாது என்று அதிகாரிகள் சொன்னால் நாமும் ஒப்புக்கொள்வோம். அது வராதவரை வேறு எதுவும் வேண்டாம் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு பாம்ஸ் 1976-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில்தான், முதலில் சொன்ன அந்தப் பிளாஸ்டிக் குழாய் அறிமுகமானது. வேலைத்தலத்தில் தொழிலாளி எவ்வளவு வாயுவைச் சுவாசிக்கிறார் என்று அறிய, சட்டையில் குத்திக்கொள்ள அவர் வடிவமைத்த சாதனம் அது. சுமார் 7 சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான உள்விட்டம். ஒரு முனை மூடியிருக்கும்; அந்த மூடிக்குள் துருப்பிடிக்காத எஃகு வலை, அதன் மேல் டிரைஎத்தனாலமைன் என்ற வேதிப்பொருளின் பூச்சு. மறுமுனையைத் திறந்து, வாய் கீழே பார்க்கும்படி கம்பத்தில் கட்டிவிட வேண்டும். பம்பு இல்லை, பேட்டரி இல்லை, சத்தமும் இல்லை. காற்றிலுள்ள வாயு தானாகவே மேல்நோக்கி விரவி, வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஃபிக் என்ற விஞ்ஞானி 19-ஆம் நூற்றாண்டில் சொன்ன விரவல் விதிப்படி இந்த வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.2 மில்லிலிட்டர் காற்றை உறிஞ்சுவதற்குச் சமம் அது. நான்கு வாரம் தொங்கினால் மொத்தம் 48 லிட்டர் அளவு. காற்றில் நம் தரநிலையான 40 மைக்ரோகிராம் இருந்தால், வலையில் சேர்வது இரண்டு மைக்ரோகிராமுக்கும் குறைவு. பிறகு ஆய்வகத்தில் இரண்டு வேதிக்கரைசல்களைச் சேர்த்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு வாயு. அதை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் கல்லூரி வேதியியல் ஆய்வகங்களில் வழக்கமாக இருக்கிற கருவிதான்.

இது விளையாட்டுச் சாமான் இல்லை என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. 1993 முதல் 2005 வரை அந்நாட்டு உள்ளாட்சிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இந்தக் குழாய்களைத் தொங்கவிட்டு நாடு தழுவிய கணக்கெடுப்பை நடத்தின. இன்றும் அங்கே எந்தத் தெரு வரம்பை மீறுகிறது என்று நகராட்சிகள் முதலில் தேடுவது குழாயை வைத்துத்தான். சோதனைக் கட்டணத்தையும் சேர்த்து ஒரு குழாய்க்குச் சில பவுண்டுகளே செலவு. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 2018 மே மாதம் 20,000 பேர் தங்கள் வீட்டுச் சன்னலில் குழாயைக் கட்டினார்கள். எந்தத் தெருவில் எவ்வளவு என்ற வரைபடம் அங்கே தேர்தல் பேச்சாகவே மாறியது. நம்மிடம் கண்காணிப்பு எந்திரத்துக்குக் காசில்லை என்று கைவிரிப்பதற்கு முன்பு, ஒரு தானியங்கி நிலையத்தின் விலையில் சில நூறு ஊர்களை ஓராண்டு முழுக்க அளக்கலாம் என்ற கணக்கை வாரியம் போட்டுப் பார்க்க வேண்டும்.

குழாயில் குறையில்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு குழாய் நான்கு வாரச் சராசரியைத்தான் தரும்; காலை 8 மணிக்குப் பள்ளி வாசலில் பேருந்தும் லாரியும் முட்டி நிற்கும்போது அளவு எவ்வளவு உயர்ந்தது என்பதைச் சொல்லாது. துல்லியமும் கூட்டிக் குறைத்து 25 விழுக்காடு வரை விலகலாம். அதிலும் நம் பகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு: ஆடிக்காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாய்ந்து, காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, குழாயின் வாயில் சுழன்று உள்ளே புகுந்தால், வாயு விரவ வேண்டிய தூரம் குறுகிவிடும். குழாய் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டும். போதாததற்கு, சித்திரை வெயிலில் வலைப்பூச்சு எப்படி நடந்துகொள்ளும் என்பதை லண்டன் குளிரில் எடுத்த கணக்கை வைத்து முடிவு செய்ய முடியாது. இந்தப் புள்ளியில் குழாயை எதிர்ப்பவர்கள் சொல்வது சரியே.

ஆனால் இவற்றுக்குத் தீர்வு கண்டுபிடிக்கப்பட்டு வெகுகாலம் ஆகிறது. நம்பகமான தானியங்கி எந்திரம் இருக்கும் நிலையத்தின் உள்வாங்கு குழல் பக்கத்திலேயே மும்மூன்று குழாய்களைக் கட்டி, ஆண்டு முழுக்க இரண்டையும் ஒப்பிட வேண்டும். எந்திரத்தோடு ஒப்பிடக் குழாய் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்ற திருத்த எண் அதில் கிடைத்துவிடும். பிரிட்டனில் இத்தகைய திருத்த எண்களை ஆய்வகவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். நமக்கு அதைச் செய்யத் தூத்துக்குடி மீளவிட்டான் தானியங்கி நிலையம் இருக்கிறது. அங்கே பன்னிரண்டு மாதம் குழாய் கட்டினால் ஆடிக்காற்றுக்கும் சித்திரை வெயிலுக்கும் நம்முடைய சொந்தத் திருத்த எண் கையில் இருக்கும். காற்றின் வேகத்தைத் தணிக்கக் குழாய் வாயில் மெல்லிய சவ்வு பொருத்தும் வகையும் உண்டு.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அரசின் கைமுறை நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் ஆண்டுக்கு 104 நாள் அளந்தால் போதும் என்பதே விதி. மற்ற 261 நாட்களின் காற்று கணக்கில் வராது. குழாயோ ஒரு மணி நேரத்தைக்கூட விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். நம் தரநிலையில் உள்ள 40 என்ற அளவும் ஆண்டுச் சராசரிதான். எந்த ஊரில் கவலைப்பட வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்தறிய இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. குழாய் சொல்வதை வைத்து ஒரு ஆலையை மூடச் சொல்லி நாம் கேட்கவில்லை. அடுத்த எந்திரத்தை எங்கே வைப்பது என்று அது சொல்லட்டும்.

கிராமத்தில் என்ன மாசு இருக்கப் போகிறது, வெட்டவெளி, நல்ல காற்று என்று வாதிடுபவர்கள் உண்டு. இளையரசனேந்தல் சென்னை அல்ல, ஒப்புக்கொள்கிறோம். ஆண்டுச் சராசரி 40-ஐத் தொடாமலே போகலாம். அப்படியானால் நல்லது, அதை எழுத்தில் பதிந்து வைக்க வேண்டும். நாளைக்குச் சாலை அகலமானால், கிரஷர் வந்தால், டிப்பர் லாரிகள் இரட்டிப்பானால், முன்பு இவ்வளவு இருந்தது என்று காட்ட அந்த எண்தான் உதவும். வந்த பிறகு அளந்து, இங்கே எப்போதுமே இப்படித்தான் என்று யாராவது சொன்னால் மறுக்க ஊராரிடம் எதுவும் இருக்காது. கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகப் போகும் லாரி வரிசையைப் பார்த்த தென்காசி மாவட்டத்தாருக்கு இது புரியாத விஷயமில்லை.

பயிருக்கும் இதில் பங்கிருக்கிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் மற்ற கரிம ஆவிகளோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகின்றன. நகரத்தில் கிளம்பும் வாயு காற்றோடு நகர்ந்து, வயல்வெளிக்கு வந்து சேர்கையில் ஓசோனாகியிருக்கும். அது இலைத்துளை வழியே நுழைந்து விளைச்சலைக் குறைக்கும்; பருத்தியும் பயறு வகைகளும் அதைத் தாங்காத பயிர்களில் சேரும். கரிசலில் மானாவாரியாக விதைப்பது பெரும்பாலும் இவற்றைத்தானே? தூத்துக்குடிக் கடற்கரையில் அனல் மின் நிலையங்கள் நிற்கின்றன, கோவில்பட்டியை ஒட்டி நான்குவழிச் சாலை ஓடுகிறது. விளைச்சல் குறைந்தால் மழையைக் குறை சொல்கிறோம், பூச்சியைச் சொல்கிறோம். காற்றைச் சந்தேகிக்கக்கூட நம்மிடம் ஆதாரம் கிடையாது.

2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 வண்டிகள்தான் விற்கப்படுகின்றன, இனிக் காற்று தானாகச் சுத்தமாகும் என்று ஒரு சமாதானமும் சொல்லப்படுகிறது. புது வண்டி வந்ததால் பழைய வண்டி மறைந்துவிடவில்லை. தவிர, சோதனைக்கூடச் சான்றிதழை எவ்வளவு நம்பலாம் என்பதை 2015-இல் ஃபோக்ஸ்வேகன் உலகத்துக்கே காட்டியது. சோதனையில் தேறிய அந்த டீசல் கார்கள், சாலையில் அனுமதித்ததைப் போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கியதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொன்னது. செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும் என்பதும் முழு விடை ஆகாது. ஐரோப்பாவின் சென்டினல்-5பி சுமார் 20 சதுர கிலோமீட்டரை ஒரே புள்ளியாகப் பார்க்கிறது, அதுவும் நம் பகுதியைக் கடப்பது நண்பகல் தாண்டி. கோவில்பட்டியில் இளையரசனேந்தல் சாலை ரயில்வே சுரங்கப்பாதைக்குள் இருசக்கர வண்டியில் நுழைகிறவரின் முகத்துக்கு நேரே இருக்கும் காற்றை வானத்திலிருந்து அளக்க முடியாது.

யார் செய்வது என்ற கேள்விக்கும் வருவோம், ஏனென்றால் இளையரசனேந்தலுக்கு அது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல. வருவாய் நிர்வாகம் தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி வட்டத்துக்குப் போன பிறகும், இந்தப் பிர்காவின் ஊராட்சிகள் இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கும் குருவிகுளம் ஒன்றியத்திலேயே நீடித்தன. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், தெருவிளக்குக்கு இன்னொரு மாவட்டம் என்று பல ஆண்டுகள் அலைந்த ஊர் இது. அதைச் சரிசெய்யக் கேட்டு மக்கள் போராடியும் இருக்கிறார்கள். காற்று விஷயத்திலும் தூத்துக்குடி தென்காசியைக் காட்ட, தென்காசி தூத்துக்குடியைக் காட்ட விடக்கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநிலம் முழுவதற்குமான அமைப்பு, பொறுப்பு அதனுடையது.

வேலை பெரிதல்ல. பள்ளி வாசல், பேருந்து நிறுத்தம், தீப்பெட்டி ஆபீசுக்குப் பெண்கள் வேன் ஏறும் இடம், சாலையிலிருந்து விலகிய ஒரு வயல்வரப்பு என ஊருக்கு நான்கு இடம் போதும். ஆளுயரத்துக்கு மேலே, கை எட்டாத கம்பத்தில் கட்ட வேண்டும். அடுப்புப் புகைபோக்கிக்கும் ஜெனரேட்டருக்கும் பக்கத்தில் கட்டக்கூடாது. திறக்காத குழாய் ஒன்றையும் கூடவே வைத்திருந்து அதையும் சோதிக்க வேண்டும். வழியில் கலந்த மாசை அது காட்டிக்கொடுக்கும். மாற்றும் வேலையைப் பள்ளி அறிவியல் ஆசிரியரும் மாணவர்களும் செய்யலாம், சோதனையைக் கோவில்பட்டிக் கல்லூரிகளிடம் வாரியம் தன் மேற்பார்வையில் ஒப்படைக்கலாம். முடிவுகளை இணையதளத்தின் மூலையில் புதைக்காமல், கிராம சபையில் வாசிக்க வேண்டும். நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும் அதே இடத்தில் மூச்சுக்காற்றின் கணக்கும் வாசிக்கப்படட்டும்.

வாரியம் முதலில் மீளவிட்டானில் ஒப்பீட்டுக் குழாய்களைக் கட்ட வேண்டும். அதே மாதத்தில் இளையரசனேந்தலிலும் கோவில்பட்டி, சங்கரன்கோவில் சாலைகளின் பிற ஊர்களிலும் தொடங்கி, ஓராண்டுத் தரவைத் திருத்த எண்ணோடு வெளியிட வேண்டும். இதற்கு அடுத்த நிதிநிலை அறிக்கை வரை காத்திருக்கத் தேவையில்லை. வாரியத்தின் சொந்த நிதியிலேயே முடிகிற செலவு. ஊராட்சிகளும் சும்மா இருக்கக்கூடாது. வருகிற கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, வாரியத்துக்கும் இரு மாவட்ட ஆட்சியர்களுக்கும் அனுப்புங்கள்.