ஒரே மூலக்கூறு, இரண்டு தீர்ப்புகள்: கியூ10 மாத்திரையும் ‘ஆன்டிஆக்ஸிடென்ட்’ என்னும் சொல்லும்

இதய நோய்க்கும் கொழுப்பைக் குறைப்பதற்கும் மாதாமாதம் மாத்திரை வாங்கும் இந்தியக் குடும்பங்கள் பலவற்றின் மருந்துப் பையில் இன்று ‘கோஎன்சைம் கியூ10’ என்னும் மாத்திரை அட்டையும் சேர்ந்துவிட்டது. அது எதற்கு என்று கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரே சொல்தான்: ‘ஆன்டிஆக்ஸிடென்ட்’. மூலக்கூறு உடலுக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால், மூலக்கூறின் பெருமை தானாகவே மாத்திரையின் பெருமை ஆகிவிடாது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை அந்த ஒற்றைச் சொல் மூடி மறைக்கிறது என்பதே இங்குச் சொல்ல வேண்டிய செய்தி.

முதலில் மூலக்கூறின் பெருமையைப் பார்க்கலாம். 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் கிரேன் மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டே கார்ல் ஃபோக்கர்ஸ் குழுவினர் இதன் வேதிக் கட்டமைப்பை அறிவித்தனர். எங்கும் காணப்படும் குவினோன் என்ற பொருளில் ‘யுபிகுவினோன்’ என்னும் பெயரும் வழங்கலாயிற்று. உயிரணு ஆற்றலை உண்டாக்கும் முறையை விளக்கியதற்காக 1978இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற பீட்டர் மிட்செலின் கோட்பாட்டில் இம்மூலக்கூறுக்கு முக்கிய இடம் உண்டு.

இதன் முதன்மைப் பணி சுமைதூக்குவது. உணவிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்களை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள முதலாம், இரண்டாம் புரதத் தொகுதிகளிடமிருந்து பெற்று மூன்றாம் தொகுதியிடம் ஒப்படைக்கிறது. இந்த ஓட்டம் நின்றால் ஏ.டி.பி. உற்பத்தியும் நின்றுவிடும். ஓய்வின்றித் துடிக்கும் இதயத்தில் இது மிகுந்திருப்பதன் காரணம் இதுவே. எலக்ட்ரான்களை ஏற்ற நிலையில் ‘யுபிகுவினால்’ என்னும் வடிவம் கொண்டு, சவ்வுகளின் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையாமல் காப்பதும், செயலிழந்த வைட்டமின் ஈ-யைப் புதுப்பிப்பதும் இதன் இரண்டாம் பணி. ‘ஆன்டிஆக்ஸிடென்ட்’ என்னும் சொல் இந்த இரண்டாம் பணியை மட்டுமே குறிக்கிறது.

வைட்டமின்களைப் போல இது வெளியிலிருந்து மட்டுமே வர வேண்டிய பொருளும் அன்று. உடல் தானே இதை உண்டாக்கிக்கொள்கிறது. இறைச்சி, மீன், நிலக்கடலை, எள் முதலியவற்றிலிருந்து நாள்தோறும் சில மில்லிகிராம் மட்டுமே கிடைக்கிறது. ஆகவே, ‘உடலுக்குத் தேவை’ என்பதிலிருந்து ‘மாத்திரையாக விழுங்குவது நல்லது’ என்பதற்குத் தாவ முடியாது. உடலில் குறை இருக்கிறதா, விழுங்கியது உரிய இடத்தைச் சேர்கிறதா, சேர்ந்தால் நோயாளியின் வாழ்வில் மாற்றம் தெரிகிறதா என்ற மூன்று படிகளையும் கடந்தாக வேண்டும்.

‘ஆன்டிஆக்ஸிடென்ட்’ என்ற தகுதி மட்டும் போதாது என்பதை மருத்துவ வரலாறு முன்பே உணர்த்தியிருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. காக்கும் என்று கருதிக் கொடுக்கப்பட்ட பீட்டா கரோட்டின், நுரையீரல் புற்றுநோயை 18 விழுக்காடு கூட்டியது. ஆக்சிஜன் சார்ந்த வினைமிகு மூலக்கூறுகள் முழுக்கவே பகைவர்கள் அல்லர் என்பதும் இன்று தெளிவு. சிறிய அளவில் அவை உயிரணுக்களுக்குச் செய்தி சொல்லும் தூதுவர்களாகவும் பணியாற்றுகின்றன.

கியூ10 மாத்திரையின் வரலாற்றிலேயே இதற்கு நேரடிச் சான்று உண்டு. 2014ஆம் ஆண்டு இரண்டு ஆய்வுகள் வெளியாயின. முதலாவது ‘கியூ-சிம்பியோ’. இதயச் செயலிழப்பு உள்ள 420 பேர், வழக்கமான மருந்துகளோடு நாளொன்றுக்கு 300 மி.கி. கியூ10 அல்லது மருந்தற்ற போலி மாத்திரையை இரண்டு ஆண்டுகள் உட்கொண்டனர். கடுமையான இதய நிகழ்வுகளைச் சந்தித்தோர் போலி மாத்திரைக் குழுவில் 26 விழுக்காடு. கியூ10 குழுவில் 15 விழுக்காடு. ஆய்வு சிறியதுதான், ஆயினும் புறந்தள்ள முடியாத முடிவு இது.

இரண்டாவது, பார்க்கின்சன் நோயின் தொடக்க நிலையில் இருந்த 600 பேரிடம் நடந்தது. 2002இல் 80 பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு பெரும் நம்பிக்கையை ஊட்டியிருந்தது. அதைச் சோதிக்க நாளொன்றுக்கு 1,200 மி.கி., 2,400 மி.கி. என இரண்டு அளவுகளில் கொடுத்துப் பார்த்தனர். பயன் இல்லை, ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஹண்டிங்டன் நோயாளிகள் 609 பேரிடம் 2,400 மி.கி. அளவில் நடந்த ஆய்வும் அதே வழியில் முடிந்தது. அதன் முடிவுகள் 2017இல் வெளிவந்தன.

இதயச் செயலிழப்பு, பார்க்கின்சன், ஹண்டிங்டன் ஆகிய மூன்றிலும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் பேசப்படுகிறது. மூன்றிலும் கொடுக்கப்பட்டது ஒரே மூலக்கூறு, தீர்ப்புகள்தாம் வேறு. இந்த வேறுபாட்டை ‘ஆன்டிஆக்ஸிடென்ட்’ என்னும் சொல்லால் விளக்க முடியாது. விளக்க முடியாத சொல்லைப் பரிந்துரைக்கான காரணமாக எப்படிக் கொள்வது?

இந்தியாவில் இம்மாத்திரை மிகுதியாகப் பேசப்படுவது ஸ்டாட்டின் மருந்துகளை ஒட்டித்தான். ஸ்டாட்டின் தடுக்கும் உயிர்வேதிப் பாதையிலேயே கியூ10-உம் உருவாகிறது. ஸ்டாட்டின் எடுப்போரின் இரத்தத்தில் அதன் அளவு குறைவதும் உண்மை. ஆனால், இரத்தத்தில் கியூ10-ஐச் சுமந்து செல்வது பெரும்பாலும் எல்.டி.எல். துகள்களே, துகள்கள் குறையும்போது அவை சுமக்கும் பொருளும் குறையத்தானே செய்யும்? ஸ்டாட்டினால் வரும் தசைவலி கியூ10-ஆல் தணிகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்த முடிவைத் தரவில்லை. 2018இல் அமெரிக்க இதயவியல் அமைப்புகள் வெளியிட்ட கொழுப்பு மேலாண்மை வழிகாட்டி, ஸ்டாட்டின் எடுப்போர் இதை வழக்கமாக உட்கொள்வதைப் பரிந்துரைக்கவில்லை.

ஐயத்துக்கு இடமின்றி இம்மாத்திரை வேண்டியவர்களும் உண்டு. மரபணுக் குறைபாட்டால் கியூ10-ஐ உண்டாக்க இயலாத குழந்தைகளுக்கு, நோயை முன்னரே கண்டறிந்து கொடுத்தால் சிறுநீரகமும் நரம்பும் காக்கப்பட வாய்ப்புண்டு. அவர்கள் மிகச் சிலரே. அவர்களுக்கான மரபணுச் சோதனை இந்நாட்டில் எத்தனை பேருக்கு எட்டுகிறது என்ற கேள்வியைவிட, நலமாக இருப்போருக்கான விளம்பரம்தான் உரக்க ஒலிக்கிறது.

‘தீங்கில்லாத பொருள்தானே, எடுத்தால் என்ன?’ என்ற வாதம் அடுத்து வரும். இது பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது என்பது மெய்யே. எனினும், வார்ஃபரின் எடுப்போரில் அம்மருந்தின் ஆற்றலை இது குறைக்கக்கூடும். சட்டத்தின் நிலையும் கருதத்தக்கது. ஊட்டச்சத்துத் துணைப்பொருளாக உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளின்கீழ் விற்கப்படும் மாத்திரை, ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்ற வாசகத்தைத் தாங்கியிருக்க வேண்டும். நோயைக் குணமாக்கும் என்று கூறவும் கூடாது. ஆனால், அதே அட்டை மருத்துவச் சீட்டில் எழுதப்படும்போது வாங்குபவர் அதை மருந்தாகவே நம்புகிறார். மருத்துவச் செலவில் கணிசமான பகுதியை மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுக்கும் நாட்டில், மாதக் கடைசியில் எந்த அட்டையை விடுவது என்று முடிவெடுக்கும் குடும்பம், சான்றுள்ள ஸ்டாட்டினை விட்டுவிட்டு ‘இயற்கையான’ கியூ10-ஐ வைத்துக்கொண்டால் அந்த இழப்பு சிறியதன்று.

இங்குப் பல்கலைக்கழகங்களுக்கும் பொறுப்புண்டு. ஆய்வேடுகளின் முன்னுரைகளில் ‘ஆன்டிஆக்ஸிடென்ட் ஆதலால் உடல்நலத்துக்கு உகந்தது’ என்ற வாக்கியம் சான்று கேட்கப்படாமலே கடந்து செல்கிறது. சோதனைக் குழாயில் நிற நீக்கத்தை அளந்த முடிவு, இரண்டு பத்தி தள்ளி மனித உடலின் நலமாக மாறிவிடுகிறது. அந்த இடத்தில் நிறுத்தி, யாருக்கு, எவ்வளவு அளவில், எதை அளந்து இந்தப் பயன் கண்டறியப்பட்டது என்று நெறியாளரும் தேர்வாளரும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்கு விடை இருந்தால் மாத்திரை சீட்டில் ஏறட்டும். விடை இல்லாதபோது, அதற்குச் செலவாகும் பணம் அந்தக் குடும்பத்திடமே இருப்பதுதான் முறை.