கல்லணை எப்படி இருக்கும், சாமி?



ஆண்டுதோறும் பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு எழும் காலம் ஒன்று உண்டு. இத்தனை ரூபாய், இன்ன தேதிக்குள் என்று அறிவிப்பு வருகிறது. பிள்ளை வீட்டில் வந்து கேட்கிறது. சில வீடுகளில் பணம் உடனே கிடைக்கிறது. சில வீடுகளில் தந்தை மௌனமாகிறார், தாய் பேச்சை மாற்றுகிறாள். அந்த மௌனத்தைப் பற்றியே இத்திங்கள் எழுத விழைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தஞ்சைப் பகுதியில் ஒரு பங்கில் நாம் பணியாற்றியபோது, பள்ளித் தாளாளர் பொறுப்பும் நம்மிடம் இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தொலைவிலுள்ள கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புவதாக ஆசிரியர்கள் கூறினர். நாமும் அதிகம் சிந்தியாமல் கையொப்பமிட்டோம். பேருந்து இரவில் புறப்பட்டது, கையசைத்து வழியனுப்பினோம்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து வாய்க்கால் கரையில் நடந்தபோது, அதே வகுப்புச் சிறுவர் மூவர் மதகின்மேல் அமர்ந்திருக்கக் கண்டோம். பணம் கட்ட இயலாதவர்கள். "தோத்திரம் சாமி" என்று எழுந்து நின்றனர். சுற்றுலாவைப் பற்றி அவர்களும் பேசவில்லை. கேட்க நமக்கும் துணிவில்லை. பேச்சுக்காக, "வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?" என்று வினவினோம்.

"எங்க முறை நாளைக்குத்தான் சாமி. எல்லாம் கல்லணையிலேர்ந்து வர்ற தண்ணிதானாம். கல்லணை எப்படி இருக்கும், சாமி?" என்றான் ஒருவன்.

நாம் விடையின்றி நின்றோம். பூண்டி மாதா திருத்தலத்திற்குச் செல்கையில் பலமுறை அதனைக் கடந்திருக்கிறோம். ஒருமுறையேனும் இறங்கி நின்று பார்த்ததில்லை. அந்த நீரில் விளைந்த சோற்றை உண்டு வளர்ந்த நாமே அதனை அறியோம் எனில், பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

அடுத்த ஆண்டு சுற்றுலா வேறு விதமாக அமைந்தது. விடியலில் புறப்பட்டு, மாலையில் திரும்பும் ஒரு நாள் பயணம். முதலில் திருச்சிக்கு மேற்கேயுள்ள முக்கொம்பு. காவிரி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவே திருவரங்கத் தீவு. கொள்ளிடம் தாழ்வான பாதை. தடுப்பாரில்லையெனில் நீர் பெரும்பகுதியும் அதன் வழியே கடலுக்கு ஓடிவிடும். காவிரியின் பங்கைக் காக்கவே ஆர்தர் காட்டன் 1836-38 ஆண்டுகளில் அங்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கொள்ளிடக் கதவணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பின்னர் அதனருகே புதிய கதவணை எழுந்தது. அணையும் முதுமை அடையும், அதையும் பேண வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அங்கே கற்றனர்.

பின்பு கிழக்கே கல்லணை. தீவின் கீழ்க்கோடியில் இரு ஆறுகளும் மீண்டும் நெருங்குகின்றன. காவிரி நீர் கொள்ளிடத்தில் வழிந்து வீணாகாதபடி தடுத்து நிற்பது இவ்வணை. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கரிகாற் சோழன் கட்டியது என்பது மரபு. பழைய கட்டின் நீளம் 1080 அடி. மேலே தெரியும் மதகுகளும் பாலங்களும் பிற்காலத்தவை. ஆசிரியர்கள் இதைப் பிரித்துச் சொல்லுதல் வேண்டும். முன்னோர் மணற்படுகையில் பெருங்கற்களை இட்டனர். அவை புதையப் புதைய மேலும் கற்களை அடுக்கினர். இறுதியில் அடித்தளம் உறுதியாயிற்று. மணலில் அடித்தளம் அமைக்கும் இவ்வித்தையை இங்கே கற்றதாகக் காட்டன் மனமார ஒப்புக்கொண்டார். பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டியபோது அது அவருக்குப் பயன்பட்டது.

கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, 1934-இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் என நான்கு வழிகளும் அங்கே கண்முன் விரிகின்றன. மதகுகளை இயக்கும் லஸ்கர் ஒருவர், எவ்வாற்றில் எவ்வளவு விடுவது என்பதை விளக்கினார். கடைமடைக்கு நீர் எட்டாவிடில் என்னாகும் என்று ஆசிரியர் வினவ, வகுப்பே விழித்தது. முந்தைய ஆண்டு மதகின்மேல் அமர்ந்திருந்த அச்சிறுவன் முன்வந்து, முறை வைத்து நீர் பாய்ச்சும் வழக்கத்தையும், தன் தந்தை இரவெல்லாம் வரப்பில் காத்திருப்பதையும் சொன்னான். மற்றப் பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டனர். செலவு முந்தைய ஆண்டினும் மிகக் குறைவு. இயலாதோர் பங்கைப் பங்கு மக்கள் ஏற்றனர். ஒரு பிள்ளையும் வீட்டில் தங்கவில்லை.

நிற்க. எச்சரிக்கையும் தேவை. ஆற்றில் பிள்ளைகளை இறக்கவே கூடாது. மேலே அமைதியாகத் தோன்றும் நீரின் அடியில் சுழலும் பள்ளமும் உண்டு. பெற்றோரின் எழுத்து மூலமான இசைவும், கல்வி அதிகாரிகளின் அனுமதியும் இன்றிப் புறப்படலாகாது. இரவுப் பயணத்தைத் தவிர்த்தல் நன்று. போகுமுன் வகுப்பில் வரைபடம் வரையட்டும். திரும்பியபின் கண்டதை எழுதட்டும்.

எல்லாப் பங்குகளும் கல்லணைக்கு அருகில் இல்லை என்பீர்கள். மெய்தான். தஞ்சை நகரப் பிள்ளைகளுக்குச் சரசுவதி மகால் நூலகத்தின் ஓலைச்சுவடிகள் உண்டு; கடற்கரைப் பிள்ளைகளுக்கு 1620-இல் தேனியர் எழுப்பிய தரங்கம்பாடிக் கோட்டை உண்டு. தேடினால் ஒவ்வோர் ஊருக்கும் ஒன்று கிடைக்கும்.

தொலைவிலுள்ள கேளிக்கை பாவமன்று. ஆயினும், வகுப்பில் ஒரு பிள்ளையேனும் வர இயலாத இடம் அந்த வகுப்புக்கு ஏற்ற இடமன்று. அடுத்த சுற்றுலாத் தாளில் கையொப்பமிடுமுன், மதகின்மேல் அமர்ந்திருந்த அம்மூவரை நினைவில் கொள்வோமாக.