தேய்ந்த கண்ணியும் மெய்யான வரலாறும்

அகமதுநகர்க் கவசப்படை அருங்காட்சியகத்தில் நிற்பன போன்ற பழைய டாங்கிகளுக்கு வண்ணம் பூசுவது எளிது, ஓடவைப்பதே அரிது. சங்கிலிப் பட்டையின் ஊசிகள் தேயத் தேய அதன் நீளம் கூடும். பிறகு பற்சக்கரத்தில் பொருந்தாது. ஷெர்மனின் பெரும்பாலான வகைகளில் பக்கத்திற்கு 79 கண்ணிகள். அவற்றின் ரப்பரோ ஓடாமலே கெடும்.

புதிய கண்ணி வார்ப்பதைப் போலி என்போர், 1915 முதல் மாட்டுங்கா ரயில் பணிமனையில் நடப்பதை என்னவென்பர்? தேய்ந்ததை மாற்றுவதுதானே அங்கே அன்றாட வேலை! வார்த்த ஆண்டைக் கண்ணியிலேயே பொறித்துவிட்டால் ஆய்வாளர் எவரும் ஏமாறமாட்டார்.

அருங்காட்சியகமாக விளங்கிய விக்ராந்த் கப்பலையே பராமரிக்க வழியின்றி 2014இல் மும்பையில் உடைக்கத் தொடங்கினர். டாங்கிக்கு அவ்வளவு பெருஞ்செலவு வேண்டாம். மூல வரைபடங்களையும் வார்ப்பு அச்சுகளையும் பழைய இரும்புக்குப் போகுமுன் காப்பகங்கள் கேட்டு வாங்கட்டும்.